பத்து மவுங் பெங்கெல்: 180 வெள்ளிக்கு என்ஜினைத் துடைத்துக் கொடுத்தார்கள்

அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்த பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'துடைத்தது, பார்த்தது: 180.' அவ்வளவுதான். ஒரு நட்டு மாற்றவில்லை, கசிவு தடுக்கிற ஒரு கேஸ்கெட் மாற்றவில்லை. காலை எட்டரைக்கு வந்தவர் மதியம் இரண்டு மணி வரை எங்கள் படகு என்ஜினைத் துணியால் துடைத்தார், பவுடர் போட்டார், தே பங்குஸ், அதாவது பார்சல் தேநீர், வாங்கும் பிளாஸ்டிக் பையை அதன் வாயில் கட்டி வேடிக்கை பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு பணம் கேட்டார். அன்று இரவு வீட்டில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

படகு வாங்கிய நாளிலிருந்து அதில் கொட்டிய காசில் உருப்படியாகப் போனது அந்த 180 மலேசிய வெள்ளிதான் என்று இப்போது சொல்கிறேன்.

அந்தப் பெங்கெல்லுக்கு, அதாவது பட்டறைக்கு, பெயர்ப்பலகை கிடையாது. இரண்டாவது பாலம் பினாங்குத் தீவில் தரை தொடுகிற பத்து மவுங் பக்கம், மீன்பிடித் துறைக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. துத்தநாகத் தகரக் கூரை, வாசலில் துருப்பிடித்த புரோப்பெல்லர்கள், ஒரு பழைய பார்பர் நாற்காலி. நடத்துகிற அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. உதவிக்கு ஓர் அப்பெக், அதாவது சீனப் பெரியவர், அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. இருவரும் ஹொக்கியன் என்ற சீன வழக்கில் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். "பேரைப் போடாதே தம்பி, இருக்கிற வேலையே முடிய மாட்டேங்குது" என்று அண்ணன் சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. துறையில் யாரிடமாவது பழைய டீசல் பார்க்கிற தமிழ் அண்ணன் எங்கே என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். எனக்கு அறுபத்து மூன்று வயது. இந்த வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததற்கே இரண்டு நட்சத்திரம் கொடுக்கலாம்.

எங்கள் படகைப் பற்றிக் கொஞ்சம். முப்பது அடி, செங்கால் மரப்பலகை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு நண்பர்களோடு பங்கு போட்டு 2016-இல் வாங்கியது. ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர், மூவருக்கும் பொதுவான மொழி தூண்டில். மாதம் இரண்டு தடவை புலாவ் ரிமாவ் பக்கமோ, காற்று ஒத்துழைத்தால் புலாவ் கெண்டி வரையோ போவோம். கொடுவா கிடைத்தால் பெருமை, கிடைக்காவிட்டால் வழியில் மீன் வாங்கி வீட்டுக்குப் போவோம்.

உள்ளே இருப்பது பெர்கின்ஸ் 4.108. நான்கு சிலிண்டர், 108 கன அங்குலம், அதாவது 1.76 லிட்டர், ஐம்பது குதிரைச் சக்திக்குப் பக்கம். இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் பிறந்த வம்சம். உலகம் முழுக்கப் பாய்மரப் படகுகளிலும் சின்ன லாஞ்சுகளிலும் இதைப் போட்டிருக்கிறார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் ஒழுகுவதில் இதற்கு ஊரறிந்த பெயர் உண்டு. எனக்கு அது புதிதில்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் என் அப்பா டிராக்டர் ஓட்டினார். மாஸி பெர்குசன் 135, அதில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். இரவில் அதன் அடியில் ஒரு மைலோ டின் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். "சொட்டுது என்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்" என்பார். அப்பா சொன்னதை நம்பியே நான் நாலு வருடம் ஏமாந்தேன்.

அந்த நாலு வருடக் கதை இது. 2020 மார்ச்சில் கொவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. படகு பல மாதம் கட்டிய கயிற்றிலேயே கிடந்தது. மறுபடி ஓட்டத் தொடங்கியபோது என்ஜின் முதல் சாவியிலேயே கிளம்பியது, எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் என்ஜினுக்கு அடியில் இருக்கும் தட்டில் நாலைந்து சொட்டு விழுந்துகொண்டிருந்த இடத்தில், ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் அரை லிட்டர் மிஞ்ஞா ஹித்தாம், கறுப்பு எண்ணெய், தேங்கி நின்றது. வயதாகிவிட்டது, சும்மா கிடந்ததில் எண்ணெயை அடைத்துப் பிடிக்கிற சீல் காய்ந்துவிட்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

2023 கடைசியில் வேறொரு பெங்கெல்லுக்குப் போனோம். எங்கே, யார் என்பது வேண்டாம். அவர்கள் மேல் மூடியின் கேஸ்கெட்டை மாற்றினார்கள். கீழே சம்ப், அதாவது எண்ணெய்த் தொட்டி, சேருகிற விளிம்பு முழுக்க, அதைக் கழற்றாமல் போல்ட்டை மட்டும் கொஞ்சம் தளர்த்தி, சிவப்பு சிலிக்கோனைப் பிதுக்கிப் பூசி இறுக்கிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, உதட்டுச்சாயம் போட்ட மாதிரி. ஒரு மாதம் ஒழுகல் குறைந்தது. அப்புறம் பழையபடி, இந்தத் தடவை சிவப்புக்குப் பின்னால் இருந்து. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பின்னாடி கிராங்க் சீல் போயிடுச்சு, என்ஜினை வெளியே தூக்கணும், 4,500 ஆகும்" என்றார்கள். கிராங்க் என்பது என்ஜினின் சுழல் தண்டு.

4,500 என்றதும் சீன நண்பர் படகையே விற்றுவிடலாம் என்றார். அந்த நேரத்தில்தான் துறையில் ஒருவர் இந்த அண்ணனைக் காட்டினார்.

முதல் நாள் அவர் கருவிப்பெட்டியே கொண்டுவரவில்லை. ஒரு பை நிறையப் பழைய பனியன் துணி, ஒரு டின் டீசல், பிரஷ், சின்ன கண்ணாடி, டார்ச். வந்து உட்கார்ந்து, தொட்டுப் பார்க்காமல் கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து? ஓடும்போது ஒழுகுதா, நிறுத்தின பிறகா? எவ்வளவு ஊத்துறீங்க, டிப்ஸ்டிக்கில் எந்தக் கோடு வரைக்கும்? 2020-க்கு முன்னால் இல்லை, பின்னால் உண்டு என்று நான் சொன்னதும் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் மத்தியானம்தான் தெரிந்தது.

அப்புறம் துடைக்க ஆரம்பித்தார். நான் தொழிற்சாலையில் முப்பது வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். பழுதைத் தேடும் முன் பரப்பைச் சுத்தம் செய் என்று எத்தனையோ புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். என் சொந்த என்ஜினில் அதைச் செய்யத் தோன்றவில்லை. ஒழுகும் எண்ணெய் விழுகிற இடமும் கிளம்புகிற இடமும் ஒன்றாக இருக்காது. மேல் மூடியில் கசிந்தது பிளாக்கின் ஓரமாக வழிந்து, படகு என்ஜின் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் பின்னாலேயே ஓடி, கடைசியில் கியர்பாக்ஸ் சேருகிற பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். பார்க்கிறவன் பின்சீல் என்பான். 4,500 என்பான்.

கியர்பாக்ஸையும் சந்தேகப்பட வேண்டும் என்றார். எங்களுடையது சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெயில் ஓடுகிற வகை. என்ஜின் எண்ணெய் டீசல் கரியால் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். இரண்டும் தட்டில் கலந்தால் பழுப்புக் குழம்பு, ஒன்றும் தெரியாது. அதனால் தட்டைத் துடைத்துக் காயவைத்து, வெள்ளை அட்டையை மூன்று துண்டாக வெட்டி முன்னால், நடுவில், பின்னால் வைத்தார். காய்ந்த என்ஜின் மேல், இணைப்பு விளிம்புகளில் எல்லாம், குழந்தைக்குப் போடுகிற பவுடரை உள்ளங்கையில் கொட்டி ஊதினார். என்ஜின் அறையில் தொட்டில் வாசனை வந்தது. படகைத் துறையில் நாலு கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, கியரில் போட்டு 1,500 சுற்றில் முக்கால் மணி நேரம் ஓட்டச் சொன்னார். சும்மா நியூட்ரலில் உறுமவிட்டால் சூடு ஏறாது, சூடு ஏறாவிட்டால் எண்ணெய் இளகாது, நிஜ ஒழுகல் வெளியே வராது.

பவுடர் பேசியது. மேல் மூடியின் இடது ஓரத்தில் ஒரு ஈரக் கோடு. முன்பக்கம் கிராங்க் புல்லி சீலைச் சுற்றி ஒரு கரும்புள்ளி வட்டம். சம்ப் விளிம்பில் சிலிக்கோன் இருந்தும் மூன்று இடம். டிப்ஸ்டிக் குழாயின் வாயிலேகூடக் கசிவு. பின் அட்டையில் கறுப்புச் சொட்டு, சிவப்பு இல்லை. கியர்பாக்ஸ் தப்பியது. நான் விரலை மடக்கி எண்ணினேன். ஐந்து இடம். ஐந்து சீல், ஐந்து செலவு என்று மனது கணக்குப் போட்டது.

அண்ணன் கணக்கு வேறு. "அஞ்சு சீலும் ஒரே நேரத்துல கெடுமா தம்பி? உள்ளே இருந்து எதுவோ தள்ளுது லா."

அப்போதுதான் அந்த பிளாஸ்டிக் பை வந்தது. காலையில் குடித்த தே பங்குஸின் பையைக் கழுவி வைத்திருந்தார். ஐடிலில் என்ஜின் ஓடும்போது மேல் மூடியில் எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து, பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டார். மூன்று நொடி. பை கோயில் கடை பலூன் மாதிரி உப்பி, 'டப்' என்று கழன்று என் முகத்தில் எண்ணெய் தெளித்தது. அப்பெக் சிரித்த சிரிப்பு பக்கத்துப் படகு வரை கேட்டிருக்கும்.

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே கிராங்க் அறைக்கு இறங்குவது எல்லா என்ஜினிலும் உண்டு, பழைய என்ஜினில் இன்னும் கொஞ்சம் அதிகம். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்த வழி அடைத்தால் அழுத்தம் உள்ளேயே சேர்ந்து, எங்கெல்லாம் மெலிந்த இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் எண்ணெயை வெளியே தள்ளும். புது சீல் போட்டாலும் அதையும் தள்ளும். எங்கள் என்ஜினில் மேல் மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பிளாக்கின் ஓரமாகக் கீழே இறங்கி, என்ஜின் காலுக்குப் பின்னால் இருட்டில் முடிகிறது. அண்ணன் அதைக் கழற்றி நுனியை வெளிச்சத்தில் காட்டினார். குளவிக் கூடு.

நிஜமான மண் கூடு. கட்டுப்பாட்டுக் காலத்தில் படகு அசையாமல் கிடந்தபோது ஒரு குளவி குடும்பம் நடத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த எண்ணெய்ப் புகை அந்த மண்ணில் படிந்து தார் மாதிரி இறுகிவிட்டது. நடுவில் ஒரு பென்சில் முனை போகிற ஓட்டை மட்டும் மிச்சம். அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் ஐம்பது வயது என்ஜின் நாலு வருடம் மூச்சு விட்டிருக்கிறது.

கம்பியால் குத்தி, டீசலில் ஊறவைத்து, ஊதித் திரும்ப மாட்டினார். அதே பையைக் கட்டினோம். லேசாக அசைந்தது, தொங்கியது, உப்பவே இல்லை. குழாயின் நுனியில் ஒரு துண்டு பித்தளை வலையை வைத்து வளையம் போட்டுவிட்டார். அந்த வலைக்குக் காசு வாங்கவில்லை. இன்னொன்றும் செய்தார். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குக் கீழே அரத்தால் ஒரு புதுக் கோடு போட்டு, இதற்கு மேல் ஊற்றாதே என்றார். என்ஜின் சாய்ந்திருப்பதால் எண்ணெய் பின்னால் போய்த் தேங்கும். மேல் கோடு வரை நிரப்பினால் பின்சீல் எண்ணெயில் குளிக்கும். ஒழுகுகிறதே என்று பயந்து நாங்கள் எப்போதும் கோட்டுக்கு மேலேயே ஊற்றி வந்தோம். ஒழுகியதற்கு நாங்களும் உடந்தை.

கிளம்பும் முன் சிவப்பு சிலிக்கோனை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளியே இவ்வளவு பிதுங்கியிருக்குன்னா உள்ளேயும் இவ்வளவு பிதுங்கியிருக்கும். சம்ப்பைக் கழட்டணும். இப்ப இல்லேன்னாலும் சீக்கிரம்." எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். என்ஜினைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும், பார்க்கலாம் என்றார். அடுத்த தடவை போய் வந்தபோது தட்டில் அரை லிட்டருக்குப் பதில் ரெண்டு மூன்று கரண்டிதான். ஆஹா, முடிந்தது என்று நாங்கள் சம்ப்பை மறந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, புலாவ் ரிமாவுக்கு அந்தப் பக்கம், எண்ணெய் அழுத்த முள் இறங்கியது. சூடாக ஓடும்போது 40-க்கு மேல் நிற்கிற முள் 15-க்கு வந்து நடுங்கியது. மலாய் நண்பர்தான் முதலில் பார்த்தார். உடனே என்ஜினை நிறுத்தினோம். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம். சம்பான் என்ற சின்னப் படகில் போன ஒரு பாக் சிக், மலாய்ப் பெரியவர், கயிறு கொடுத்து இழுத்து வந்தார். காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், அன்று பிடித்த மீனை எல்லாம் அவர் படகில் கொட்டினோம்.

அண்ணன் 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு ஒரு நட்சத்திரம். அறை மேல் குறுக்கே இரும்புக் குழாய் போட்டு, செயின் பிளாக் மாட்டி, கியர்பாக்ஸைப் பிரித்து, என்ஜினை ஒன்றரை அடி தூக்கினார்கள். சம்ப்பைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் வலைச் சல்லடையில் சிவப்பு சிலிக்கோன் புழு புழுவாக ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பிதுங்கியது உடைந்து எண்ணெயில் மிதந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னும் இருபது நிமிடம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். அந்தப் புழுக்களை மைலோ டின்னில் போட்டு என் கையில் கொடுத்தார். இப்போதும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மனைவி இரண்டு தடவை தூக்கி எறியப் பார்த்தாள்.

கியர்பாக்ஸ் ஏற்கெனவே வெளியே இருந்ததால், பின்சீலையும் மாற்றிவிடலாம் என்று அவரே சொன்னார். முதல் நாள் கேட்டபோது மறுத்தவர். "அன்னைக்கு மாத்தியிருந்தா அழுத்தம் புது சீலையும் தள்ளியிருக்கும், என்னைத்தான் திட்டியிருப்பே." இப்படி வரிசை தெரிந்து வேலை செய்கிறவரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

4.108-இன் பின்சீல் இப்போதைய கார்களில் வருகிற ரப்பர் உதடு வைத்த வளையம் இல்லை. கயிறு. கிராங்க்கின் பின்முனையை இரண்டு அரைவட்டக் கூடுகள் அணைத்துப் பிடிக்கின்றன. அந்தக் கூடுகளின் பள்ளத்தில் கயிறு உட்கார்கிறது. கிராங்க்கின் மேல் திருகு மாதிரி ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள், ஆழம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். என்ஜின் ஓடும்போது அந்தத் திருகு வரி எண்ணெயைத் திருப்பி உள்ளே அனுப்புகிறது. நின்ற பிறகு காவல் காப்பது கயிறு. முதல் நாள் அவர் 'ஓடும்போதா, நிறுத்தின பிறகா' என்று கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் அந்த மெல்லிய வரி என்ன செய்யும், பாவம்.

கயிற்றை உட்கார வைப்பதை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். பழைய கயிறு கல்நார் என்பதால் தூசி கிளம்பாமல் தண்ணீரில் நனைத்து எடுத்துப் பையில் போட்டுக் கட்டினார். மூக்கில் முகமூடி, அப்பெக்குக்கும் ஒன்று. புதியது கல்நார் இல்லாதது. முதலில் இரண்டு முனைகளையும் ஓர் அங்குலம் அளவுக்குப் பள்ளத்தில் அமுக்கினார். முனை கூட்டின் விளிம்பைவிடக் கால் முதல் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும், அதற்கு அளவுத் தகடு வைத்துப் பார்த்தார். இரண்டு கூடும் சேரும்போது அந்தத் தூக்கல்தான் ஒன்றையொன்று நெருக்கி இடைவெளியை அடைக்கிறது. குறைந்தால் ஒழுகும், கூடினால் கூடு சரியாக மூடாது. பிறகு நடுவிலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்து, கடைசியில் உருண்டைக் கம்பியை உள்ளே வைத்துச் சப்பாத்தி தேய்க்கிற மாதிரி உருட்டினார். கிராஃபைட் கிரீஸ் ஒரு பூச்சு. கூடுகளை மாட்டிப் போல்ட்டை முழுதும் முறுக்காமல், இரண்டு கையாலும் கிராங்க் மேல் இப்படியும் அப்படியும் ஆட்டிக் கயிற்றைப் படியவைத்தார். அதற்குப் பிறகுதான் முறுக்கினார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். நடுவில் போன் அடித்தது, எடுக்கவில்லை. அவர் ஏன் போனை எடுப்பதில்லை என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது.

முன்சீல் கதை சின்னது. ரப்பர் உதடு வருடக்கணக்கில் உரசிப் புல்லியின் கழுத்தில் ஒரு பள்ளம் வெட்டிவிட்டது. புது சீலை மட்டும் போட்டால் அதே பள்ளத்தில்தான் உட்காரும். எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவ் என்ற மெல்லிய எஃகு வளையத்தை, 0.28 மில்லிமீட்டர் தடிமன், கழுத்தின் மேல் தட்டி ஏற்றினார். கழுத்து புதிதாகிவிட்டது. விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் புதுப் புல்லி தேடி அலைவதைவிட மலிவு.

சம்ப்புக்கு கார்க் கேஸ்கெட். அதை வாங்கி வந்தது நான். பெட்டியில் பல வருடம் இருந்து சுருங்கிப்போனதைக் கொண்டுவந்து கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஈரத்துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்து விரியவிட்டார். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கார்க்கை ஆவேசமாக முறுக்கினால் பிதுங்கிக் கிழிந்துவிடும் என்று சொன்னபடியே என் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டார். செப்பு வாஷர்களை அப்பெக் கேஸ் அடுப்பில் செக்கச் செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போட்டுத் திரும்பப் பயன்படுத்தினார். செம்பு அப்படிச் செய்தால் இளகி மறுபடி நன்றாக அமுங்கும். சிலிக்கோன் அந்தப் பெங்கெல்லில் இல்லாமல் இல்லை, ஒரு குழாய் இருக்கிறது. கூடுகள் சேரும் மூலையில் கடுகளவு வைத்தார், அவ்வளவுதான்.

குறை சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. இரண்டாவது வேலைக்கு ஐந்து வாரம் காத்திருந்தோம். தைப்பூசத்துக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் அந்தப் பக்கமே போகாதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்களின் ஜெனரேட்டர் எல்லாம் அவர் வாசலில்தான் நிற்கும், அதற்கு அவர் காசு வாங்குவதும் இல்லை. ரொக்கம் மட்டும். ரசீது அட்டைப்பெட்டியில். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார், சொன்னால் அதுவும் தாண்டும். எங்களுக்குச் சொன்னது 1,200, வாங்கியது உழைப்புக்கு 1,350. கேஸ்கெட், கயிறு, முன்சீல், ஸ்லீவ் எல்லாம் சேர்ந்து தனியாக 610. முதல் நாள் 180. மொத்தம் 2,140 வெள்ளி. திட்டுவார். சீன நண்பரை ஹொக்கியனிலும் என்னைத் தமிழிலும் திட்டினார். மலாய் நண்பரை மட்டும் ஏனோ மரியாதையாக நடத்தினார், காரணம் தெரியவில்லை.

இடையில் நாங்களே வாங்கிச் சோதித்த சில பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒழுகலை நிறுத்தும் என்று எண்ணெயில் ஊற்றுகிற திரவம் ஒரு பாட்டில் 38 வெள்ளி. அது ரப்பரைக் கொஞ்சம் ஊதவைத்து வேலை செய்கிற சரக்கு. உதடே இல்லாத கயிறு சீலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, குளவிக் கூட்டுக்கும் இல்லை. குழந்தைகளின் டயப்பரைத் தட்டில் விரிப்பது துறையில் பலரின் பழக்கம், நாங்களும் செய்தோம். அது தண்ணீரைத்தான் குடிக்கும். பில்ஜில், அதாவது படகின் அடித்தளத்தில், தேங்கும் தண்ணீரைக் குடித்துத் தலையணை மாதிரி உப்பி, எண்ணெயை அப்படியே மேலே மிதக்கவிட்டது. எண்ணெயை மட்டும் இழுத்துத் தண்ணீரைத் தள்ளுகிற வெள்ளை பாலிபுரோப்பிலின் விரிப்பு கப்பல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஒரு விரிப்பு இரண்டு மாதம் தாங்குகிறது. அதைத்தான் இப்போது போடுகிறோம்.

பாத்திரம் கழுவும் திரவத்தை பில்ஜில் ஊற்றிக் கலக்கிப் பம்பு போட்டு வெளியே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் மறைந்த மாதிரி தெரியும். மறையவில்லை, பொடிப்பொடியாகத் தண்ணீரில் கலந்து கடலுக்குப் போகிறது, பிறகு எந்த விரிப்பாலும் பிடிக்க முடியாது. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மலேசியக் கடலில் எண்ணெய் விடுவதைத் தடுக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நாம் தூண்டில் போடுகிற தண்ணீர் அது. வடித்த எண்ணெயை அண்ணன் நீலப் பீப்பாயில் சேர்த்து வைக்கிறார், லாரி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. மற்ற விஷயங்களில் அலங்கோலமான அந்தப் பெங்கெல்லில் அந்தப் பீப்பாய்க்கு மட்டும் மூடியும் பூட்டும் உண்டு.

வேலை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. 85 மணி நேரம் ஓட்டியிருக்கிறோம். பின்சீல் முழுதும் நின்றுவிடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. "கயிறு கொஞ்சம் அழும், அழட்டும்" என்றுதான் சொன்னார். புதிதில் முதல் பத்து மணி நேரம் நன்றாகவே அழுதது. நான் பதறிப் போய் நின்றேன், படிந்துகொள்ளும் போ என்று விரட்டிவிட்டார். படிந்தது. அழுத்த முள் 45-இல் நிற்கிறது. எண்ணெய் எஸ்ஏஇ 30, நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சரி என்கிறார். போன ஞாயிறு புலாவ் கெண்டி போய் வந்து மறுநாள் காலை பார்த்தேன். பின் அட்டையில் ஒன்பது சொட்டு. நடுவில், முன்னால், ஒன்றும் இல்லை.

போவதாக இருந்தால் வார நாளில், காலை பத்து மணிக்கு முன் போங்கள். கேஸ்கெட்டைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். என்ஜினை நீங்களே முன்கூட்டித் துடைத்துவிட்டுக் கூப்பிடாதீர்கள், நான் மூன்றாவது தடவை அப்படிச் செய்து, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அழித்துவிட்டாயே என்று அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டு தே ஓ பங்குஸ் வாங்கிப் போங்கள், ஒன்று அப்பெக்குக்கு, சீனி குறைவாக. பையைத் தூக்கிப் போட வேண்டாம், அவருக்குத் தேவைப்படும்.